ஸ்டிக்கருக்கு மேல் 5,000 டாலர் கேட்கும் டீலரிடம் எப்படிப் பேசுவது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். அமெரிக்காவில் புதிதாக ஒரு சொகுசு செடான் வாங்கப் போனீர்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 68,000 டாலர். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு தாள்; அதில் 'மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்' என்று 5,000, 'புரொடெக்‌ஷன் பேக்கேஜ்' என்று 1,995. விற்பனையாளர், "இந்த மாடலுக்கு எங்கே போனாலும் இதே விலைதான், இன்றைக்கே எடுத்துக்கொண்டால் 2,000 குறைத்துத் தருகிறேன்" என்றிருக்கிறார். இப்படி ஏற்றி விற்பது சட்டப்படி சரியா, எவ்வளவு வரை குறைத்துக் கேட்கலாம் என்பது உங்கள் கேள்வி. ஆனால் படிக்கும்போது எனக்குப் பட்டது, நீங்கள் உண்மையில் கேட்பது வேறு: அந்த 2,000 நமக்குக் கிடைத்த லாபமா, இல்லை முதலில் ஏற்றிவிட்டு அப்புறம் இறக்கிய கணக்கா? அவர்கள் கையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் எப்படிப் பேரம் பேசுவது?

நான் ஒரு டீலர்ஷிப்பில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன். முதல் நான்கு வருடம் விற்பனையில், மீதி ஐந்து வருடம் கடன் பத்திரங்களில் கையெழுத்து வாங்கும் ஃபைனான்ஸ் அறையில். இப்போது அந்தத் தொழிலில் இல்லை. கீழே எழுதுவதில் சட்டம் பற்றியவை உறுதியானவை. எவ்வளவு குறைப்பார்கள் என்பது மட்டும் என் அனுபவத்திலிருந்து வரும் மதிப்பீடு. மாடலுக்கு மாடல், மாதத்துக்கு மாதம் அது மாறும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். ஏற்றி விற்பது சட்டப்படி சரிதான். கண்ணாடியில் இருக்கும் ஸ்டிக்கர் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அதைக் கொண்டுவந்த ஓக்லஹோமா செனட்டர் மன்ரோனியின் பெயராலேயே இன்றும் அதை 'மன்ரோனி ஸ்டிக்கர்' என்று சொல்கிறார்கள். காரின் அடிப்படை விலை, கூடுதல் வசதிகளின் விலை, கம்பெனியிலிருந்து கொண்டுவரும் செலவு எல்லாம் அதில் இருக்க வேண்டும். கார் வாங்குபவர் கைக்கு வரும்வரை அதைக் கிழிக்கவோ திருத்தவோ கூடாது. ஆனால் அதிலுள்ள விலை 'பரிந்துரை விலை' மட்டுமே. கம்பெனியிடமிருந்து காரை வாங்கி வைத்திருப்பவர் டீலர். கார் அவருடைய சரக்கு, கூட்டியும் விற்கலாம், குறைத்தும் விற்கலாம். கம்பெனி தன் டீலர்களைத் தாண்டி நேரடியாக விற்க முடியாதபடி பெரும்பாலான மாநிலங்களில் சட்டம் இருப்பதால், "உங்கள் டீலர் அதிகம் கேட்கிறார்" என்று கம்பெனிக்குப் புகார் எழுதி விலையைக் குறைக்க வைப்பதும் நடக்காது. பக்கத்திலிருக்கும் இரண்டாவது தாள் டீலரே தன் பிரிண்டரில் அச்சடித்தது. பார்ப்பதற்கு முதல் ஸ்டிக்கர் மாதிரியே இருக்கும். அப்படித் தெரிய வேண்டும் என்றுதான் அதே எழுத்து, அதே அளவில் அடிப்பார்கள். அதில் இருப்பது எல்லாமே பேரத்துக்கு உரியது.

ஸ்டிக்கருக்கு மேல் ஏற்றும் இந்த மார்க்கப் எப்போது நியாயம் என்று கேட்டால், 2021-22 காலத்தைச் சொல்லலாம். சிப் தட்டுப்பாட்டில், டீலர்கள் விற்பனைக் கார்களை நிறுத்தி வைக்கும் லாட்டெல்லாம் காலியாகக் கிடந்தது. 2022 ஜனவரியில் புதுக் கார் வாங்கியவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் ஸ்டிக்கர் விலைக்கு மேலே கொடுத்தார்கள் என்று கார் விலைத் தளமான எட்மண்ட்ஸின் கணக்கு சொன்னது. அதற்கு ஒரு வருடம் முன்பு அது 3 சதவீதம்கூட இல்லை. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் அப்போது தங்கள் டீலர்களை எச்சரித்தன: இஷ்டத்துக்கு ஏற்றினால் அடுத்து வரும் கார்களை உங்களுக்கு ஒதுக்க மாட்டோம் என்று. அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான் இன்று நீங்கள் பார்த்த தாள். இப்போதும் சில கார்களுக்கு மார்க்கப் கொடுக்க ஆள் இருக்கிறது. கேடிலாக் சிடி5-வி பிளாக்விங் போலக் கொஞ்சமாகச் செய்யப்படும் பந்தய ரகச் செடான்கள், புதிதாக வந்த முதல் சில மாதத்து மாடல்கள், அவ்வளவுதான். சாதாரண பிஎம்டபிள்யூ 5 சீரிஸ், மெர்சிடிஸ் ஈ கிளாஸ், ஆடி ஏ6, ஜெனசிஸ் ஜி80 வகைக் கார்களுக்கு ஸ்டிக்கருக்கு மேல் ஒரு டாலர்கூடக் கொடுக்கத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவில் பணம் உள்ளவர்கள் பெரும்பாலும் எஸ்யூவி பக்கம் போய்விட்டார்கள். சொகுசு செடான் வாங்க வருகிறவரை டீலர் சும்மா அனுப்ப விரும்ப மாட்டார்.

உங்கள் காருக்குத் தேவை எப்படி இருக்கிறது என்று நீங்களே பார்க்க ஒரு வழி சொல்கிறேன். ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவு மூடும் தூணிலோ கதவின் ஓரத்திலோ ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். பக்கத்திலேயே டயர் காற்றழுத்தம் பற்றிய ஸ்டிக்கர் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். கம்பெனி பெயரும் வண்டியின் அடையாள எண்ணும் (VIN) இருப்பதைப் பாருங்கள். மேலே மாதமும் வருடமும் போட்டிருக்கும். கார் செய்யப்பட்ட மாதம் அது. இன்றைய தேதிக்கு ஏழெட்டு மாதம் பின்னால் இருந்தால், "எங்கே போனாலும் இதே விலைதான்" என்ற பேச்சுக்கு அர்த்தமில்லை. டீலர் தன் கைப்பணத்தில் அந்தக் காரை வாங்கவில்லை. வங்கிக் கடனில் வாங்கி, நாளுக்கு நாள் வட்டி கட்டுகிறார். அவர் வாங்கிய விலை 64,000 டாலர், வட்டி 7 சதவீதம் என்று வைத்தால் மாதம் ஏறத்தாழ 370 டாலர். முதல் சில வாரங்களுக்குக் கம்பெனி அதில் பங்கு கொடுப்பதுண்டு, அப்புறம் முழுச் சுமையும் டீலர் தலையில். நான் வேலை பார்த்த இடத்தில் தினமும் காலையில் மேனேஜர் மேசைக்கு ஒரு பட்டியல் வரும். அறுபது நாளைத் தாண்டிய கார்களைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருப்பார். அந்த வட்டத்துக்குள் இருக்கும் காரைக் கேட்டு யாராவது வந்தால் அவர் பேசும் தொனியே மாறிவிடும்.

சரி, அவர்கள் கையில் எவ்வளவு இருக்கிறது? இன்வாய்ஸ் என்று ஒன்று உண்டு. கம்பெனி டீலருக்குப் போடும் பில். சொகுசுக் கார்களில் ஸ்டிக்கருக்கும் இன்வாய்ஸுக்கும் இடையில் நான் பார்த்தவரை 5 முதல் 8 சதவீதம். உங்கள் காருக்கு அது 3,400-லிருந்து 5,400 வரை வரும். பலர் இன்வாய்ஸைத்தான் டீலரின் அடக்க விலை என்று நினைக்கிறார்கள். அது தவறு. சில கம்பெனிகள் 'ஹோல்ட்பேக்' என்று 2, 3 சதவீதத்தைப் பிடித்து வைத்து, கார் விற்றபின் டீலருக்கே திருப்பிக் கொடுக்கும். அது இல்லாத கம்பெனிகள் வேறு வழியில் கொடுக்கும்: இத்தனை கார் விற்றால் இவ்வளவு, வாடிக்கையாளர் கருத்துக் கணிப்பில் நல்ல மதிப்பெண் வந்தால் இவ்வளவு என்று. தேங்கிய மாடலுக்கு நேரடியாக டீலர் கையில் 2,000, 3,000 என்று கொடுப்பதும் உண்டு. அது வாடிக்கையாளர் காதுக்கே வராது. அதனால் இன்வாய்ஸ் தாளைக் காட்டி "எனக்கு இதில் ஒன்றும் நிற்கவில்லை" என்று சொல்லும் விற்பனையாளர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். அவருக்கே தெரியாமல் இருக்கும். அவருடைய கமிஷன் அந்தத் தாளின் மேல்தான் கணக்கிடப்படுகிறது. மற்றதெல்லாம் முதலாளி கணக்கு.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் உங்கள் பணம் அதிகமாகப் போகக்கூடிய இடத்துக்கு வருகிறேன். கார் விலை ஒன்று, பழைய காருக்குத் தரும் விலை ஒன்று, முன்பணம் ஒன்று, மாதத் தவணை ஒன்று. விற்பனை மேசையில் ஒரு வெள்ளைத் தாளை நான்கு கட்டமாக மடித்து இந்த நான்கையும் எழுதுவார்கள். 'ஃபோர் ஸ்கொயர்' என்று பெயர். எனக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்தது இதுதான். ஒரு கட்டத்தில் நீங்கள் இழுத்தால் இன்னொரு கட்டத்தில் விட்டுவிடுவீர்கள். விலையில் 2,000 குறைத்ததும் பழைய காரின் விலை 1,500 இறங்கியிருக்கும். "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்று கேட்பது இதற்காகத்தான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். "முழு விலை முதலில் முடியட்டும், அப்புறம் தவணை பேசலாம்" என்றால் போதும்.

ஃபைனான்ஸ் அறையில் நான் உட்கார்ந்திருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஒருவர் இரண்டு மணி நேரம் பேசி 3,000 டாலர் குறைத்துவிட்டு, மனைவிக்கு ஃபோனில் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே என் அறைக்கு வந்தார். கடன் 60,000, ஐந்து வருடம். வங்கி அவருக்கு ஒப்புக்கொண்ட வட்டி 6 சதவீதம். நான் 8 சதவீதம் என்று எழுதினேன். இது சட்டத்துக்கு உட்பட்டது. வங்கி கொடுத்த வட்டிக்கு மேல் 2 சதவீதம் வரை டீலர் ஏற்றிக்கொள்ளப் பல வங்கிகள் அனுமதிக்கின்றன, அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு டீலருக்கு வரும். 6 சதவீதத்தில் தவணை 1,160 டாலர், 8-இல் 1,217. அவர் 57 டாலர் வித்தியாசத்தைக் கவனிக்கவே இல்லை. ஐந்து வருடத்தில் அது ஏறத்தாழ 3,400 டாலர். இரண்டு மணி நேரத்தில் அவர் சம்பாதித்ததை ஐந்து நிமிடத்தில் நான் திரும்ப வாங்கிவிட்டேன். அன்றைக்கு அது எனக்குத் திறமையாகத் தெரிந்தது. அந்த மனிதர் எழுந்து என் கையைப் பிடித்து நன்றி சொன்னது மட்டும் இன்றுவரை மனசை விட்டுப் போகவில்லை. இவ்வளவு நீளமாக உங்களுக்கு எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே டீலர் வாசலை மிதிப்பதற்கு முன் உங்கள் வங்கியிலோ, கூட்டுறவு வங்கி போன்ற கிரெடிட் யூனியனிலோ கடனுக்கு ஒப்புதல் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று இடத்தில் கேட்டால் கிரெடிட் ஸ்கோர் விழுந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். கார் கடனுக்காக 14 நாளுக்குள் செய்யும் விசாரணைகளை எல்லாம் சேர்த்து ஒன்றாகவே எடுத்துக்கொள்வார்கள். டீலர் அதைவிடக் குறைந்த வட்டி கொடுத்தால் அவரிடமே வாங்கலாம். கம்பெனியின் சொந்த நிதி நிறுவனம் சில மாதங்களில் உண்மையாகவே மலிவாகக் கொடுக்கும்.

காரை வாங்காமல் சில வருடத்துக்கு மாத வாடகையில் லீஸ் எடுப்பதாக இருந்தால் வட்டி என்ற சொல்லே வராது. 'மணி ஃபேக்டர்' என்று 0.00250 மாதிரி ஒரு எண் வரும். அதை 2,400-ஆல் பெருக்குங்கள், 6 சதவீதம். அதை 0.00290 ஆக்கினால் கண்ணுக்கு ஒன்றுமே மாறாத மாதிரி இருக்கும், ஆனால் வட்டி 7 சதவீதத்தைத் தொட்டுவிடும். உங்கள் விலையுள்ள காருக்கு மூன்று வருடத்தில் 1,400, 1,500 டாலர் கூடுதலாகப் போகும். அந்த மாதத்துக்கான அடிப்படை மணி ஃபேக்டரும், லீஸ் முடிவில் காருக்குப் போடும் மதிப்பும் கம்பெனியின் நிதி நிறுவனம் நிர்ணயிப்பவை. எட்மண்ட்ஸ் தளத்தில் மாடல் பெயரையும் உங்கள் பின் கோடையும் சொல்லிக் கேட்டால் சொல்கிறார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். இன்னொன்று, லீஸிலும் கார் விலையைப் பேரம் பேசலாம். முடியாது என்று சொல்வதை நம்ப வேண்டாம்.

அந்த 1,995 டாலர் பேக்கேஜ் என்னவென்று கேளுங்கள். பெரும்பாலும் பெயின்ட் மேல் ஒரு பூச்சு, கண்ணாடியில் வண்டி எண்ணைப் பொறித்தல், டயரில் நைட்ரஜன். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் இருக்கிறது. "ஏற்கெனவே போட்டாகிவிட்டது, எடுக்க முடியாது" என்பார்கள். எடுக்கத் தேவையில்லை, அதற்குப் பணம் தர முடியாது என்று சொன்னால் போதும். சுங்க வரி என்று தனியாக ஒரு தொகை எழுதியிருந்தாலும் இதே பதில்தான். 2025 ஏப்ரல் முதல் வெளிநாட்டுக் கார்களுக்கு ஏற்றிய வரியைக் கட்டுவது இறக்குமதி செய்யும் கம்பெனி, டீலர் அல்ல. கம்பெனி ஏற்ற நினைத்திருந்தால் அது மன்ரோனி ஸ்டிக்கரிலேயே ஏறியிருக்கும்.

பேரத்தை நேரில் செய்யாதீர்கள். உங்களுக்குப் பிடித்த நிறம், வசதிகள் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு, 200 மைல் சுற்றளவில் அதே காரை வைத்திருக்கும் ஐந்தாறு டீலர்களுக்கு ஈமெயில் போடுங்கள். நீளமாக எழுத வேண்டாம்: அந்தக் காருக்கு டீலர் கொடுத்திருக்கும் ஸ்டாக் எண், இந்த வாரத்துக்குள் வாங்கப்போகிறேன், வரி, பதிவு, கட்டணம் எல்லாம் சேர்த்து 'அவுட் த டோர்' விலை என்ன, தனித்தனியாகப் பிரித்து எழுதுங்கள். இரண்டு பேர் "நேரில் வாருங்கள், நல்ல விலை தருகிறேன்" என்பார்கள், அவர்களை விட்டுவிடுங்கள். மூன்று பேராவது எண்ணை எழுதி அனுப்புவார்கள். அதில் குறைந்ததை எடுத்து, உங்களுக்குப் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுங்கள். மொத்த விலையைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. டாக்குமென்ட் கட்டணம் என்று ஒன்று வரும். கலிபோர்னியாவில் அதற்கு 85 டாலர் உச்சவரம்பு, நியூயார்க்கில் 175. புளோரிடாவில் வரம்பே கிடையாது, ஆயிரத்துக்குப் பக்கத்தில் கேட்பது சாதாரணம். "எல்லாருக்கும் ஒரே கட்டணம், குறைக்க முடியாது" என்றால் பரவாயில்லை, அந்த அளவுக்குக் கார் விலையில் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கம்பெனியிலிருந்து கொண்டுவரும் செலவு ஸ்டிக்கர் மொத்தத்திலேயே இருக்கிறது. அதை இரண்டாம் முறை சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

பழைய கார் கொடுப்பதாக இருந்தால் அதைப் பற்றி இந்த ஈமெயிலில் மூச்சுவிட வேண்டாம். முதலில் பழைய கார்களை வாங்கி விற்கும் கார்மேக்ஸில் காட்டி விலை எழுதி வாங்குங்கள். அந்த விலை ஏழு நாள் செல்லும். புதுக் காரின் விலை முடிந்தபிறகு அதை டீலரிடம் காட்டிக் கேளுங்கள். பல மாநிலங்களில் பழைய காரின் மதிப்பைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் விற்பனை வரி போடுவார்கள், அதனால் டீலர் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தாலும் உங்களுக்கு லாபமாக இருக்கலாம். கலிபோர்னியாவில் அந்தச் சலுகை இல்லை.

இப்போது உங்கள் 68,000 டாலர் கார். அது சாதாரண ரகம், லாட்டில் இரண்டு மூன்று நிற்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். நானாக இருந்தால் வரிக்கு முந்தைய விலையாக 63,000-இல் தொடங்குவேன், 64,500-க்குள் முடிந்தால் கையெழுத்துப் போடுவேன். மாதக் கடைசி, அதிலும் டிசம்பர் கடைசி என்றால் இன்னும் கொஞ்சம் இறங்கலாம். இன்வாய்ஸுக்குக் கீழே கண்டிப்பாகக் கிடைக்கும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. அதே டீலரிடம் வாடிக்கையாளருக்கு இரவல் கொடுத்து மூவாயிரம், நாலாயிரம் மைல் ஓடிய 'லோனர்' கார் இருந்தால் அதையும் கேட்டுப் பாருங்கள்; சொகுசு செடானில் உண்மையான தள்ளுபடி அதிகம் கிடைப்பது அங்கேதான். வாரன்டி எந்தத் தேதியிலிருந்து ஓடத் தொடங்கியது என்று மட்டும் எழுத்தில் வாங்குங்கள்.

அவர் சொன்ன 2,000 குறைப்பை ஏற்றுக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 3,000 மார்க்கப்பும் 1,995 பேக்கேஜும் சேர்த்து ஸ்டிக்கருக்கு மேல் 4,995. அதற்கும் விற்பனை வரி உண்டு. ஆறு மாதத்தில் கார் விபத்தில் முழுதாகப் போய்விட்டால், இன்சூரன்ஸ் கொடுப்பது அன்றைய சந்தை மதிப்பு மட்டும்; நீங்கள் மேலே கொடுத்ததை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். விற்கப் போனாலும் அதே கதை. சொகுசு செடான் பலவும் ஐந்து வருடத்தில் பாதி மதிப்பை இழப்பவை. இழக்கப்போகும் ஒன்றின் மேல் கூடுதலாகக் கட்டுவதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

கடைசியாக, பலர் தவறாக நம்பும் ஒன்று. "மூன்று நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்" என்று ஒரு மத்தியச் சட்டம் இருப்பதாக நினைக்கிறார்கள். டீலர்ஷிப்பில் வாங்கும் புதுக் காருக்கு அப்படி எதுவும் இல்லை. டீலர்கள் மொத்த விலையை முதலிலேயே சொல்ல வேண்டும், பயனில்லாத கூடுதல் பொருளுக்குப் பணம் வாங்கக் கூடாது என்று மத்திய வர்த்தக ஆணையம் 2023 டிசம்பரில் ஒரு விதி கொண்டுவந்தது. டீலர்கள் சங்கம் வழக்குப் போட்டு, 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம், விதியைக் கொண்டுவந்த நடைமுறையில் தவறு இருந்தது என்று சொல்லி அதை ரத்து செய்துவிட்டது. எனவே கையெழுத்துப் போடும் அன்று ஈமெயிலில் வந்த மொத்த விலையை அச்செடுத்து எடுத்துப் போங்கள். ஒப்பந்தத்தில் மொத்த விலை, வட்டி விகிதம், தவணை எத்தனை மாதம், கூடுதல் பொருள்கள் என்று இருக்கும் நான்கு இடத்தையும் அதோடு வைத்து ஒத்துப் பாருங்கள். ஒன்று மாறியிருந்தாலும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மாற்றி எழுதச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் அதைத் திருத்தி மறுபடி அச்செடுக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. நானே எத்தனையோ முறை செய்திருக்கிறேன்.